வெள்ளானூர் சாலையில் ஒரு மூடிய குடம்

மேற்குப் புறநகரின் தேவாலயங்களை ஒரு வார இறுதியில் சுற்றிப் பார்த்துவிட முடியுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். முடியும். நான் சுற்றியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு செப்டம்பர் மாதத்துச் சனியும் ஞாயிறும். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. வங்கியில் குமாஸ்தா வேலை, பெரம்பூரில் வாடகை வீடு. விடுமுறை நாளில் வீட்டில் உட்கார்ந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அம்மா இன்றுவரை அதைச் சொல்லித்தான் திட்டுகிறார்.

கிளம்பக் காரணம் ஒரு மாதப் பத்திரிகை. பிஷப், அவருக்குக் கீழே ஒவ்வொரு சபைக்கும் ஓர் ஆயர், சில சபைகள் சேர்ந்த குருசேகரம், கமிட்டி என்று அடுக்கடுக்காக ஆள் உள்ள பழைய ஆங்கிலேய மரபுச் சபை எங்களுடையது. பத்திரிகையும் சபைக்காரர்கள் நடத்துவதுதான். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, “பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி பக்கம் நம்ம சபைகள் ஜனங்களுக்கு என்ன செய்யுதுன்னு பார்த்து எழுதும்மா. நல்லதா எழுது” என்றார். அந்த “நல்லதா” எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணில் படுவதை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பெரம்பூரில் ஏறி, கோயம்பேட்டில் பஸ் மாறி, எட்டேகாலுக்குப் பூந்தமல்லியில் இறங்கினேன். இரண்டு டிக்கெட்டும் சேர்த்து மூன்றரை ரூபாய். பெரிய தெருவைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் தேவாலயம். வேப்பமரம் நிறைய, நிழல் நிறைய. பின்கட்டில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடந்தது. கண் சிகிச்சை முகாம் நடத்தினோம், கிறிஸ்துமஸுக்குச் சேலை கொடுத்தோம் என்று ஒரு பெரியவர் வரிசையாகச் சொன்னார். நல்ல காரியங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஏன் எல்லாச் சபைக்கும் தையல் மெஷினைத் தாண்டி யோசனை ஓடுவதில்லை? டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அங்கிருந்து திருவேற்காடு ஐந்து கிலோமீட்டர். கோயில் கூட்டத்தோடு பஸ்ஸில் நசுங்கி, திருவேற்காட்டில் இறங்கி, அயனம்பாக்கம் வழியாக அம்பத்தூர் போகும் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். எனக்கு நிற்கவே வராது. பஸ் நிறுத்தத்துக்கும் பூக்கடைக்கும் நடுவே நான் நடந்துகொண்டே இருந்ததைப் பார்த்து, பூக்காரம்மா, “யாரத் தேட்றே?” என்று கேட்டார். பஸ்ஸை என்றேன். “அது வரப்ப வரும், குந்து” என்றார். உட்காரவில்லை.

அம்பத்தூரில் பார்த்தது வேறு மாதிரி இருந்தது. எஸ்டேட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலையைக் கதவடைத்திருந்தார்கள். வேலை போனவர்கள் கூடிப் பேச இடமில்லாமல் இருந்தபோது சபை தன் மண்டபத்தைத் திறந்துவிட்டிருந்தது. நான் போன மதியம் அங்கே சாம்பார் சாதம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இதை எழுதலாம் என்று சந்தோஷப்பட்டேன். பொருளாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “மண்டபம் கொடுத்ததைப் போடாதீங்க, கண் முகாம் நடத்தினோம், அதைப் போடுங்க” என்றார். வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு ரயில் ஏறி வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் பெரம்பூரில் ஆறு பத்து ரயில். வில்லிவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில் என்று நின்று நின்று ஆவடிக்கு ஆறே முக்காலுக்குப் போனது. வெள்ளானூர் பக்கம் செங்குன்றம் பஸ் போகும். அது கண்ணெதிரே போய்விட்டது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து என்றார்கள். ஆட்டோ பிடித்தேன்.

“வெள்ளானூர் ரோட்டு சர்ச்சா? ரிட்டன் சவாரி கெடைக்காதுக்கா. இருவத்தஞ்சு குடு.”

ஆறு கிலோமீட்டருக்கு இருபத்தைந்து! இருபதுக்குப் பேசி ஏறினேன். ஓட்டுநர் பேச்சுக்காரர்.

“இன்னிக்கு அங்க அறுப்புப் பண்டிக. ஏலம் உடுவாங்கோ. போன வருசம் நான் ஒரு சேவல் எட்த்தேன்.”

“நீங்க கிறிஸ்தவரா?”

“இல்லக்கா. திருவேற்காட்டம்மாதான் நமக்கு. அதுக்கு இன்னா, சேவலுக்குத் தெரியுமா? ஆனா ஒரு கண்டிசன் கீது. சாமி முன்னாடி வெச்ச பொருளு பாரு, ஏலத்துல எட்த்தா வித்துடக் கூடாது, தூக்கியும் போடக் கூடாது. ஆக்கித் துன்னுதான் தீக்கணும். என் பொஞ்சாதி வளக்கலாம்னு அயுதா. உடலியே நானு.”

இந்தப் பண்டிகையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். விளைச்சலின் முதற்பலனைப் பீடத்தின் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் போடுவார்கள். இந்தச் சபையில் பெரும்பாலும் படைத்துறைத் தொழிற்சாலை ஊழியர்கள். திருநெல்வேலி, நாகர்கோவில், வேலூர் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள். வயலும் கிடையாது, அறுவடையும் கிடையாது. ஊரிலிருந்து வரவழைத்த பூசணிக்காயை விளைச்சல் என்று வைப்பார்கள். அதற்குப் போட்டி போட்டு விலை கேட்பதில்தான் அவர்களுக்கு உற்சாகம்.

ஆராதனை ஒன்பது மணிக்கு. நான் ஏழேகாலுக்கே போய் நின்றேன். ஆயர் வராந்தாவில் பிரசங்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்காரர், வெள்ளை அங்கி கசங்காமல் இருக்க நின்றபடியே படித்தார். வளாகத்தின் மூலையில் ஆழ்துளைக் கிணறு, மேலே சிமெண்டுத் தொட்டி, கீழே குழாய். நல்ல தண்ணீர் என்று சொல்லி ஒரு டம்ளர் கொடுத்தார். இளநீர் மாதிரி இருந்தது.

“இந்தத் தண்ணியில ஒரு சொட்டுகூட வெளிய போறதில்லை” என்றார். “எதிர்ல காலனி இருக்கே, பார்த்தீங்களா? போன கோடையில அங்கேருந்து வந்து பிடிச்சிட்டிருந்தாங்க. வரிசையில ஒரு நாள் சண்டை வந்துச்சு. கமிட்டி கேட்டைப் பூட்டிடுச்சு. திறக்கச் சொல்லி மூணு முறை கேட்டுட்டேன். மூணு முறையும் செயலாளர் ஒத்துக்கலை. நான் மூணு வருஷத்துல மாற்றலாகிப் போறவன். சாவி அவர்கிட்டதான் இருக்கு.”

“சண்டை மட்டும்தான் காரணமா?”

அவர் பிரசங்கத் தாளை மடித்து வைத்தார். “வேற காரணத்தை யாரும் வாயால சொல்றதில்லை” என்றார்.

எனக்குப் புரிந்தது. காலனி மக்கள் நேற்றுவரை இந்த மண்ணில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். வயலெல்லாம் மனையானதும் அம்பத்தூர் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். நம் ஆட்களோ ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லும் ஒன்றை டிரங்குப் பெட்டிக்குள் வைத்து ரயிலேற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. ஆராதனைக்கு நேரமிருந்தது. சாலையைக் கடந்து காலனிக்குள் போனேன்.

முப்பது வீடு இருக்கலாம். நடுவில் கிணறு. அதில் கயிறு இறக்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பெயர் சரசு. வாளியில் வந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது. குனிந்தால் துருவும் அழுகலும் கலந்த வாடை.

“இதயா குடிக்கிறீங்க?”

“இத்தக் காய்ச்சி ஆக்குறோம். குடிக்கறதுக்கு அந்தாண்ட பம்பு செட்டு. ரெண்டு கிலோமீட்டர் போவணும், லாரி ஓட்ற ரோட்டு மேல. விடியறதுக்கு முன்ன போனாத்தான் மோட்டாரு போடுவாங்கோ. போன மாசம் என் தங்கச்சி தண்ணிக்குப் போச்சு. லாரிக்காரன் இட்ச்சிட்டான். காலு போச்சுக்கா. இப்ப நான் போய்கினு கீறேன். எனக்கு ரெண்டு கொயந்தைங்க.” சர்ச்சின் பக்கம் கையை நீட்டினாள். “தண்ணி அங்க கீது. ரோட்டத் தாண்டுனா வந்துடும். கேட்ட பூட்டி வெச்சிகீறாங்கோ.”

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி அலறியது. ஜாதி மத வேறுபாடு இல்லாமல் அனைவரும் வருக, உங்கள் விளைச்சலில் முதற்பலனைக் கொண்டுவருக என்று ஓர் ஆண்குரல். சரசு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னா குட்த்தாலும் வாங்கிக்குவாங்களா?”

“வாசல்ல கேள்வி கேக்காம வாங்கணுங்கிறது வழக்கம்” என்றேன்.

“நம்ம கிட்ட இன்னா வெளையுது? இதான் வெளையுது” என்று வாளியைக் காட்டினாள். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஒன்பது மணி ஆராதனை பதினொன்றேகால் வரை நீண்டது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான்கு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு முறை வெளியே போய் வந்தேன். பீடத்தின் முன்னால் பூசணி, வாழைத்தார், கருப்பட்டிச் சிப்பம், கால் கட்டிய கோழிகள். ஓரத்தில் பளபளவென்று ஒரு எவர்சில்வர் குடம். மேலே தட்டு மூடி, வெள்ளைத் துணி கட்டி, துணிமேல் கொஞ்சம் கனகாம்பரம். அதை யார் வைத்தார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கு மட்டும் காலனிக் கிணறு நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தேன். வாசற்படிக்கு வெளியே சரசு நின்றிருந்தாள், புதுச்சேலை கட்டி.

ஏலம் விட்டது ஆயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார். செயலாளர் செல்லத்துரை அண்ணாச்சி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலையில் ஃபோர்மேன், சாத்தான்குளம் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். மீசையும் குரலும் பெரிது. முதல் பொருளை அவர் விட்டுக்கொடுத்ததே கிடையாதாம். அந்த ஊர்க்காரர்களுக்கு அது மானப் பிரச்சினை.

உபதேசியார் முதலில் கையை வைத்தது குடத்தின்மேல். கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். உடனே சபையில் ஒரு கலகலப்பு. பிறகுதான் எனக்கு விவரம் தெரிந்தது. நாகர்கோவில் குடும்பம் ஒன்று வருஷா வருஷம் இதே மாதிரிக் குடத்தில், இதே மாதிரி துணி கட்டி, பாயசம் கொண்டுவருமாம். அண்ணாச்சிக்கு அந்தப் பாயசம் என்றால் உயிர். அந்தக் குடும்பம் ஜூன் மாதமே மாற்றலாகிப் போய்விட்டது. ஏலச் சூட்டில் அது ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

அண்ணாச்சி கேட்டார். வேலூர்க்காரர் ஒருவர் ஏற்றினார். அண்ணாச்சி அதற்கு மேலே போனார். நாகர்கோவில் வரிசையிலிருந்து இருவர் சேர்ந்து ஏற்றினார்கள். அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். நிறுத்துங்கள் என்று சொல்ல என் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது போய் முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. “மூணு தரம்!” என்றார் உபதேசியார். குடம் அண்ணாச்சிக்கு. கைதட்டினார்கள்.

துணியை அவிழ்த்துத் தட்டை எடுத்ததும் வாடை முதல் வரிசையைத் தாண்டி வந்தது.

“எவம்வே இத வச்சது?” அண்ணாச்சி கத்தினார். “ஆண்டவர் சந்நிதியில கூத்தா அடிக்கிய?”

“நாந்தாங்க.” வாசலிலிருந்து சரசுவின் குரல். “வெளைஞ்சத கொண்டாரச் சொன்னீங்கோ. எங்க கெணத்துல வெளைஞ்சது. உங்க சாமி ஒரு தபா பாக்கட்டும்னு வெச்சேன். ஏலம் உடுவீங்கோன்னு நெனைக்கல. காசு வாணாம், தூக்கிக் கொட்டிடுங்கோ.”

யாரோ சிரித்தார்கள். யாரோ ‘வெளிய அனுப்புங்க’ என்றார்கள். ஆயர் கையமர்த்திக்கொண்டே முன்னால் வந்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அண்ணாச்சியின் மனைவி ரூபி அக்கா எழுந்து வந்தார். ஒல்லியான பெண், அதுவரை அவரை நான் கவனிக்கவே இல்லை. தட்டை மறுபடி மூடினார். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.

“ஏட்டி, என்ன செய்த?”

“பீடத்துல வச்சு ஏலம் எடுத்தாச்சுல்லா. கொட்டக் கூடாது. வீட்டுக்குக் கொண்டு போறேன்.”

சட்டம் அவர்களுடையது, மீற முடியவில்லை. ரூபி அக்கா வாசலைத் தாண்டும்போது சரசுவிடம், “குடத்த நாளைக்குத் தாரேன்” என்று மட்டும் சொன்னார்.

விருந்தாளிக்குச் செயலாளர் வீட்டில்தான் சாப்பாடு என்று முன்பே ஏற்பாடு. போகாமல் ஓடிவிடலாமா என்று இருந்தது. இரண்டு மணி ரயிலைப் பிடித்தால் மூன்று மணிக்கு வீட்டில் இருக்கலாம். ஆனாலும் போனேன். குவார்ட்டர்ஸ் வீடு, பத்து நிமிஷ நடை. வீட்டுக்குள் கோழிக்குழம்பு மணத்தது, அதற்கு அடியில் அந்த வாடையும் இருந்தது.

எனக்கு ரூபி அக்கா தனிப் பாத்திரத்திலிருந்து வெள்ளைச் சோறு போட்டார். அண்ணாச்சிக்கும் தனக்கும் இன்னொரு பானையிலிருந்து போட்டார். அந்தச் சோறு மஞ்சளாக இருந்தது. பிரியாணி மஞ்சள் இல்லை, சுவரில் நீர் கசிந்த இடத்து மஞ்சள். அண்ணாச்சி ஒரு வாய் வைத்தார். மெல்லவில்லை. விழுங்கவும் முடியவில்லை. அக்கா எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார், தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் அவர் விழுங்கினார். “அங்க உள்ள பிள்ளையளும் இதத்தான் திங்குதா?” என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா, அக்காவிடமா என்று தெரியவில்லை. நான்தான் பதில் சொன்னேன். ஆமாம், குடிப்பதற்கு மட்டும் லாரி ரோட்டில் போகிறார்கள் என்றேன். சரசுவின் தங்கை கதையையும் சொன்னேன். கொஞ்சம் காரமாகவே சொன்னேன்.

அவர் மிச்சச் சோற்றை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினார். “சரி. கமிட்டியில பேசுதேன். சுவருக்கு வெளிய ஒரு குழா போட்டுருவோம். உள்ள யாரும் வர வேண்டாம்லா, சண்டையும் வராது.”

“போட எத்தன நாளாவும்?” அக்கா கேட்டார்.

“தீர்மானம் போடணும், மேலிடத்துக்கு எழுதணும், பைப்பு வாங்கணும். ரெண்டு மாசம் ஆவும்.”

அக்கா அவர் இலையில் இன்னொரு கரண்டி மஞ்சள் சோறு வைத்தார். “சரி. அது வரைக்கும் நம்ம வீட்டுலயும் இந்தத் தண்ணிதான். முக்கால் குடம் இருக்கு. தீந்தா சரசுட்ட இன்னொரு குடம் வாங்கிக்கிடுதேன். பீடத்துக்கு வந்த தண்ணியில்லா, அவங்க கிணத்துல இருந்தா மட்டும் வேற தண்ணியா?”

அண்ணாச்சி இலையை மடித்தார். கை கழுவினார். சுவரில் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு, செருப்பைப் போட்டும் போடாமலும் வெளியே போனார். இரண்டு மணி ரயில் போனது. நானும் அவர் பின்னால் ஓடினேன்.

கேட் பண்டிகைக்காகத் திறந்துதான் இருந்தது, மாலை மறுபடி பூட்டுவது வழக்கம். அவர் சங்கிலியில் தொங்கிய பூட்டைக் கழற்றி ஜேபியில் போட்டுக்கொண்டார். பிறகு சாலை ஓரத்தில் நின்றார். காலனிக்குள் போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அடுத்து என்ன செய்வது என்று நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. நானே போய்ச் சரசுவைக் கூட்டிவந்தேன். அவள் பிளாஸ்டிக் குடத்தோடு வந்து கேட்டருகே நின்றாள்.

“வெளிய குழா போடுவோம்” என்றார் அண்ணாச்சி. “அதுவரைக்கும்…”

“உள்ள வந்தா இன்னா ஆயிடும் சார்?”

அவர் ஒதுங்கி வழிவிட்டார். சரசு உள்ளே போய்க் குழாயைத் திறந்தாள். குடம் நிரம்புகிற சத்தம் மாறி மாறிக் கேட்டது. கட்டுரை எழுத வந்தவள் அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன்.

பத்திரிகை ஆசிரியர் பாதியை வெட்டிவிட்டுப் போட்டார். மஞ்சள் சோறு போயிற்று, கோழிக்குழம்பு இருந்தது. அப்புறம் நான் அவருக்கு எழுதுவதில்லை.

இனி, போகிறவர்களுக்கு. ஞாயிறு காலை ரயிலில் போவது நல்லது. ஆவடி பேருந்து நிலையத்தில் இப்போது செங்குன்றம் பக்கம் ஷேர் ஆட்டோ கிடைக்கிறது, பேரம் பேசத் தேவையில்லை. ஐப்பசியில் மழை வந்தால் அந்தச் சாலை குளமாகிவிடும், அதற்கு முன்னால் போய்விடுங்கள். செப்டம்பரில் போனால் ஏலத்தில் கலந்துகொள்ளுங்கள். மூடியிருக்கும் பாத்திரத்துக்கு விலை கேட்கும் முன் யோசியுங்கள். பூந்தமல்லியையும் அம்பத்தூரையும் சனிக்கிழமை ஒரே நாளில் முடித்துவிடலாம், என்னை மாதிரி ஓடாமல் இருந்தால் இன்னும் நன்றாகப் பார்க்கலாம்.

போன வருஷம் மறுபடி போனேன். வயலெல்லாம் அடுக்குமாடி. அண்ணாச்சி ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டாராம். வெளிக்குழாய் என்று ஒன்று கடைசிவரை போடவே இல்லையாம். பூட்டு அவர் பெட்டியோடு ஊருக்குப் போனது, புதுப்பூட்டு யாரும் வாங்கவில்லை என்று உள்ளே ஒருவர் சொன்னார்.

எதிரே ஓர் இட்லிக் கடை. கடைக்காரம்மா நரைத்திருந்தாள், ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு என்னைத் தெரியவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை. வெயிலில் தொண்டை காய்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டேன். சரசு இட்லித் தட்டிலிருந்து கையை எடுக்காமல், எதிரே இருந்த சர்ச்சைத் தலையால் காட்டினாள்.

“நம்ம கோயில்தான். உள்ள போய் புட்ச்சிக்கோ.”